ஷ்ரூஸ்பரி ஆளிநார் மில் கட்டடம்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜ் டவுனின் பழைய கட்டடங்களை எப்படிக் காப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் உள்ள ஒரு பழைய நூற்பாலையை நான் எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. அந்தக் கட்டடம் யாருடையது, அதில் அப்படி என்ன புதுமை, அதற்கும் பினாங்குக்கும் என்ன தொடர்பு என்று நம்மவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

இது எந்தக் கட்டடம்? எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயர் மாவட்டத்தின் தலைநகர் ஷ்ரூஸ்பரி. அந்நகரின் வடகிழக்கு ஓரத்தில், டிதரிங்டன் என்னும் பகுதியில், 1796இலும் 1797இலும் கட்டப்பட்ட ஐந்து தள நூற்பாலையே இது. தூண்களும் உத்திரங்களும் முழுக்க இரும்பாலேயே அமைந்த உலகின் முதல் பல மாடிக் கட்டடம் என்று கட்டடவியல் வரலாற்றாளர்கள் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் கால் வைத்துப் பதினொரு ஆண்டுகள் ஆனபோது இது எழுந்து நின்றது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முந்தியது.

ஆளிநார் என்றால் என்ன? இது பருத்தி மில் இல்லையா?

இல்லை. ஆளிவிதையை நம் வீடுகளில் பலரும் அறிவார்கள். அந்த விதையைத் தரும் செடியின் தண்டிலிருந்து உரித்தெடுக்கும் நாரைச் சீவி, நூற்று, நெய்தால் கிடைப்பது லினன் துணி. ஷ்ரூஸ்பரி மில் நூலையும் தையல் நூலையும் செய்தது. மூலப்பொருளான நார் பெரும்பாலும் பால்டிக் கடற்கரை நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து மரைக்காயர்களும் சூலியா வணிகர்களும் பினாங்குக்குக் கொண்டுவந்து விற்ற பருத்தித் துணிகளையும், பின்னாளில் அவற்றை ஓரங்கட்டிய லங்காஷயர் மில் துணிகளையும் இந்த மில்லோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கு பேசப்படுவது வேறொரு நார், வேறொரு வணிகம்.

ஒரு மில்லை இரும்பால் கட்ட வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது?

தீயின் மீதான அச்சத்திலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டின் நூற்பாலைகள் வெளியே செங்கல் சுவரும் உள்ளே மரத்தூண்களும் மர உத்திரங்களும் மரப்பலகைத் தளங்களும் கொண்டவை. இயந்திரங்களுக்கு இடும் எண்ணெய் பல ஆண்டுகளாகச் சொட்டிச் சொட்டி அந்தப் பலகைகளில் ஊறியிருக்கும். நாரைச் சீவும்போது எழும் தூசி காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். குளிர்காலத்தில் மாலை வெகு சீக்கிரம் இருண்டுவிடுவதால் மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும் ஏற்றியே வேலை நடக்கும். இவை மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது ஒரு சிறு பொறி போதும், நான்கைந்து மாடிக் கட்டடமும் அதற்குள் முடங்கிய முதலும் ஒரே இரவில் சாம்பலாகிவிடும். லண்டனில் நீராவியால் இயங்கிய புகழ்பெற்ற ஆல்பியன் மாவு ஆலை 1791இல் அப்படித்தான் அழிந்தது.

இந்த அச்சத்துக்கு முதலில் விடை தேடியவர் டார்பி நகரைச் சேர்ந்த வில்லியம் ஸ்ட்ரட் என்ற பருத்தி ஆலை முதலாளி. 1792இல் அவர் கட்டத் தொடங்கிய மில்லில் வார்ப்பிரும்புத் தூண்களை நிறுத்தி, தளங்களைச் செங்கல் வளைவுகளால் அமைத்தார். ஆயினும் உத்திரங்கள் மட்டும் மரமாகவே இருந்தன. அவற்றின் மேல் காரை பூசித் தீயிலிருந்து காக்க முயன்றார். மரத்தைக் கட்டடத்தின் உள்ளிருந்து முழுவதுமாக வெளியேற்றும் அடுத்த அடியை எடுத்து வைத்தவர் சார்ல்ஸ் பேஜ். அவருக்கு அந்த வாய்ப்பைத் தந்ததும் ஒரு தீவிபத்துதான். லீட்ஸ் நகரின் ஆளிநார் முதலாளி ஜான் மார்ஷலும், ஷ்ரூஸ்பரியைச் சேர்ந்த தாமஸ் பென்யன், பெஞ்சமின் பென்யன் சகோதரர்களும் கூட்டாக நடத்திவந்த லீட்ஸ் மில் 1796 தொடக்கத்தில் எரிந்தது. அதே ஆண்டிலேயே அவர்கள் ஷ்ரூஸ்பரியில் நிலம் வாங்கி, பேஜையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, இனி எரியாத மில் ஒன்றைக் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள்.

சார்ல்ஸ் பேஜ் பொறியாளரா, கட்டடக் கலைஞரா?

இரண்டு பட்டமும் அவருக்கு இல்லை. 1751இல் பிறந்த அவர் ஷ்ரூஸ்பரியில் ஒயின் வணிகராகவும் நில அளவையாளராகவும் வாழ்ந்தவர். பின்னர் நகர மேயராகவும் இருந்தார். ஆனால் வில்லியம் ஸ்ட்ரட்டின் நண்பர் என்பதால் டார்பியில் நடந்த முயற்சிகளை அவர் நெருக்கமாக அறிந்திருந்தார். வார்ப்பிரும்பு உத்திரம் எவ்வளவு சுமையைத் தாங்கும், எந்த வடிவில் வார்த்தால் குறைந்த இரும்பில் அதிக வலிமை கிடைக்கும் என்பதைக் கணக்குப் போட்டும் சோதித்தும் பார்த்து, அதைக் கடிதங்களில் ஸ்ட்ரட்டோடு விவாதித்தார். பழக்கத்தால் வந்த கைக்கணக்கை நம்பியே கட்டடங்கள் எழுந்த காலத்தில், ஓர் உத்திரத்தின் வலிமையைச் சூத்திரத்தால் முன்கூட்டியே கணிக்க முயன்ற முதல் சிலருள் அவரும் ஒருவர். இவ்வளவு செய்தவரின் பெயர் பொறியியல் படித்தவர்களிடையேகூடப் பரவலாகத் தெரியாமல் இருப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

கட்டடத்தின் உள்ளமைப்பு எப்படி வேலை செய்கிறது?

இந்தக் கேள்விக்கு விரிவாக விடை சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்தக் கட்டடத்தின் பெருமை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

மில்லின் நீளம் சுமார் 54 மீட்டர், அகலம் சுமார் 12 மீட்டர். அகலவாக்கில் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை வார்ப்பிரும்பு உத்திரம் ஓடுகிறது. இடையில் மூன்று தூண்கள் அதைத் தாங்குகின்றன. இப்படி ஏறத்தாழ மூன்று மீட்டருக்கு ஓர் உத்திரம் வீதம் கட்டடத்தின் நீளம் முழுவதும் வரிசையாக அமைந்திருப்பதால், ஒவ்வொரு தளத்திலும் மூன்று நெடும் தூண் வரிசைகள் தெரியும். தூணைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் கூட்டல் குறி போன்ற வடிவம் இருக்கும். கீழும் மேலும் மெலிந்து, நடுவில் சற்றே பருத்திருக்கும். சுமை மிகும்போது ஒரு தூண் நடுவில்தான் வளைய முற்படும் என்பதால், இரும்பைத் தேவையான இடத்தில் கூட்டித் தேவையற்ற இடத்தில் குறைத்த சிக்கனமான வடிவம் அது. பார்வைக்கும் அது அழகாகவே இருக்கிறது.

உத்திரத்தின் அடிப்பகுதி இருபுறமும் விரிந்து விளிம்புகளாக நீட்டிக்கொண்டிருக்கும். ஓர் உத்திரத்தின் விளிம்பிலிருந்து அடுத்த உத்திரத்தின் விளிம்புக்குச் செங்கல்லால் தாழ்வான வளைவு கட்டி, அதன் மேற்பகுதியை நிரப்பிச் சமன்செய்தால் அதுவே மேல்தளத்தின் தரை. அண்ணாந்து பார்த்தால் அடுத்தடுத்த அலைகளாகச் செங்கல் வளைவுகள் தெரியும். வளைவு எப்போதும் தன்னைத் தாங்கி நிற்பதைப் பக்கவாட்டில் தள்ளும். பக்கத்து வளைவு எதிர்த்திசையில் தள்ளுவதால் நடுவில் உள்ள உத்திரங்களில் இரண்டும் பெரும்பாலும் ஈடாகிவிடும். எஞ்சிய தள்ளுவிசையை அடக்க, உத்திரங்களைத் தேனிரும்புக் கம்பிகளால் ஒன்றோடொன்று பிணைத்திருக்கிறார்கள். இங்கே இரண்டு வகை இரும்பைப் பயன்படுத்தியதற்குக் காரணம் உண்டு. அச்சில் ஊற்றி வார்த்த இரும்பு, மேலிருந்து அமுக்கும் சுமையை நன்கு தாங்கும். ஆனால் இழுத்தால் முன்னறிவிப்பின்றி முறிந்துவிடும். அடித்து நீட்டிய தேனிரும்போ இழுவிசையைத் தாங்கக்கூடியது. அமுங்கும் இடத்தில் ஒன்றையும் இழுபடும் இடத்தில் மற்றொன்றையும் வைத்த அந்தத் தெளிவு, 1797ஆம் ஆண்டுக்கு மிகப் பெரியது.

கூரையிலும் மரம் இல்லை. செங்கல் வளைவுகளின் மேலேயே, குறுக்குவாட்டில் வரிசையாகச் சிறு முகடுகளாகக் கூரை அமைந்திருக்கிறது.

வெளிச்சுவர்கள் மட்டும் பழைய முறைப்படி சுமை தாங்கும் செங்கல் சுவர்கள்தாம். உத்திரங்களின் இரு முனைகளும் அவற்றின் மேல் அமர்ந்திருக்கின்றன. ஆகவே இன்றைய பொருளில் இதை முழுமையான சட்டகக் கட்டடம் என்று சொல்ல முடியாது. அந்தச் சுவர்களின் செங்கற்கள் வழக்கத்தைவிடப் பெரியவை. 1784 முதல் இங்கிலாந்தில் செங்கல்லுக்கு எண்ணிக்கைக் கணக்கில் வரி விதிக்கப்பட்டதால், பெரிய செங்கல்லாக அறுத்தால் சுவர் ஒன்றுக்குச் செலுத்தவேண்டிய வரி குறைந்தது. வரிச்சட்டம் ஒரு சுவரின் முகத்தையே மாற்றிவிடுவதை நாமும் அறிவோம்.

ஏன் ஷ்ரூஸ்பரி? பெரிய துணித்தொழில் நகரங்கள் வேறு இருந்தனவே?

இரும்பும் நிலக்கரியும் அருகில் இருந்தன. 1779இல் நிறுவப்பட்ட உலகின் முதல் பெரிய இரும்புப் பாலம் அதே ஷ்ராப்ஷயரில்தான் செவர்ன் ஆற்றின் மேல் நிற்கிறது. இரும்பு வார்ப்பில் அன்று அந்த வட்டாரத்துக்கு இணையானது அரிது. மில்லின் தூண்களையும் உத்திரங்களையும் வார்த்துக் கொடுத்த வில்லியம் ஹேசல்டைன் ஷ்ரூஸ்பரியிலேயே பட்டறை வைத்திருந்தவர். பிற்காலத்தில் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் புகழ்பெற்ற நீர்ப்பாலத்துக்கும் மெனாய் தொங்கு பாலத்துக்கும் இரும்பு தந்ததும் அவரே. நீராவி இயந்திரத்துக்கு வேண்டிய நிலக்கரியை மில்லின் பக்கத்திலேயே கொண்டுவந்து இறக்க, 1797இல் ஷ்ரூஸ்பரி கால்வாய் திறந்தது. இயந்திரத்தைப் போல்டன் அண்டு வாட் நிறுவனம் தந்தது. பென்யன் சகோதரர்களுக்கு அது சொந்த ஊர் என்பதும் ஒரு காரணம்.

உண்மையிலேயே அது எரியாத கட்டடமா?

எரியக்கூடியது உள்ளே குறைவு என்பதே சரி. வார்ப்பிரும்பு மிகுந்த வெப்பத்தில் வலிமை இழக்கும். சூடேறிய நிலையில் குளிர்ந்த நீர் பட்டால் வெடிக்கவும் கூடும். ஆயினும் பேஜின் கணக்கு வீண்போகவில்லை. அதே வளாகத்தில் இருந்த குறுக்கு மில் 1811இல் தீக்கிரையாகி மறு ஆண்டு இரும்புச் சட்டகத்தோடு புதிதாகக் கட்டப்பட்டது. முதன்மை மில் இன்றுவரை நிற்கிறது.

அங்கே வேலை செய்தவர்கள் யார்?

கட்டடத்தின் நேர்த்தியைப் புகழ்ந்துவிட்டு இந்தக் கேள்வியைக் கடந்துபோவது நேர்மையாகாது. பெரும்பகுதி வேலையாட்கள் பெண்களும் சிறுவர்களும். ஏழைச் சிறுவர்களைப் பராமரிக்கும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்பிய தேவாலய வட்டாரங்கள், அவர்களை ஒப்பந்தத்தின் பேரில் மில்லுக்கு அனுப்பிவைத்தன. அவர்கள் தங்குவதற்கென்று கட்டிய விடுதி இன்றும் வளாகத்தில் இருக்கிறது. 1832இல் ஆலைச் சிறுவர்களின் நிலையை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் முன், இந்த மில்லில் ஏழு வயதில் சேர்ந்த ஜோனதன் டவுன் சாட்சி சொன்னார். வேலையில் கண் அயரும் சிறுவனை மேற்பார்வையாளர் அழைத்துப்போய், காலைப் பிடித்துத் தூக்கி, மூலையில் இருந்த இரும்புத் தொட்டித் தண்ணீரில் தலைகீழாக முக்கியெடுத்து, மீண்டும் வேலைக்கு அனுப்புவார் என்பது அந்தச் சாட்சியம்.

தோட்டக் கங்காணிகளின் கீழ் நம் முன்னோர் பட்டதைப் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. இந்தக் கட்டடம் முதலாளிகளின் சொத்தைத் தீயிலிருந்து காப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. அதற்குள் நாளெல்லாம் நின்றவர்களின் உயிரும் அதனால் ஓரளவு காக்கப்பட்டது உண்மையே. ஆனால் நார்த்தூசியிலிருந்தும், பிற்காலத்தில் வெந்நீரில் நனைத்து நூற்கும் முறை வந்தபோது ஏற்பட்ட ஈரத்திலிருந்தும் அவர்களைக் காக்க அதில் எதுவும் இல்லை. இரண்டையும் சேர்த்தே இந்தக் கட்டடத்தின் வரலாறாகச் சொல்ல வேண்டும்.

மில் மூடிய பிறகு கட்டடம் எப்படிப் பிழைத்தது?

மார்ஷலின் நிறுவனம் 1886இல் மூடப்பட்டது. சில ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்த கட்டடத்தை வில்லியம் ஜோன்ஸ் என்பவர் வாங்கி, 1897இல் மால்ட் கூடமாக மாற்றினார். பார்லியைத் தண்ணீரில் ஊறவைத்து, தரையில் பரப்பி முளைகட்டச் செய்து, சூளையில் உலர்த்தி, பீர் வடிப்போருக்கு விற்கும் தொழில் அது. முளைக்கும் பார்லிக்கு வெளிச்சம் வேண்டியதில்லை. ஒரே சீரான வெப்பநிலைதான் வேண்டும். ஆகவே நூற்பவர்களுக்கு ஒளி தந்த பெரிய சன்னல்களில் பெரும்பாலானவற்றைச் செங்கல் வைத்து அடைத்து, எஞ்சியவற்றைச் சிறிதாக்கினார்கள். கட்டடத்தின் ஒரு முனையில் சூளை எழுந்தது. விக்டோரியா அரசியின் வைர விழா ஆண்டு என்பதால், சுமைதூக்கிக் கோபுரத்தின் உச்சியில் வார்ப்பிரும்பாலான கிரீடம் ஒன்றையும் வைத்தார்கள். அது இன்றும் அந்நகரின் அடையாளங்களுள் ஒன்று.

ஈரமான பார்லியை டன் கணக்கில் தாங்கக்கூடிய, மரமில்லாத, அகன்ற தரைகள் ஏற்கெனவே அங்கே இருந்தன. ஆகவே புதிய தொழிலுக்காக உள்ளமைப்பை இடிக்க வேண்டிய தேவை வரவில்லை. மாற்றம் எல்லாம் சன்னல்களோடும் ஓரத்துச் சேர்க்கைகளோடும் நின்றுவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவப் பயிற்சி வீரர்கள் அங்கே தங்கினார்கள். அதன் பின் மறுபடி மால்ட் தொழில். 1987இல் அதுவும் நின்றது. 1950களில் பொறியியல் வரலாற்றாளர்கள் தேடிவந்து சொல்லும்வரை, தாங்கள் நாளும் கடந்துபோகும் பார்லிக் கூடம் உலகிலேயே முதலாவது என்பது ஊரார் பலருக்கும் தெரியாது.

வானளாவிக் கட்டடங்களின் பாட்டன் என்று இதைச் சொல்கிறார்களே, அது மிகையா?

சொல்லும் விதத்தைப் பொறுத்தது. சுவரை நம்பாமல் சட்டகத்தை நம்பிக் கட்டடம் எழுப்பலாம் என்ற எண்ணத்துக்கு இங்கே முதல் வடிவம் கிடைத்தது என்பதில் ஐயமில்லை. ஸ்ட்ரட் குடும்பமே 1803இல் எரிந்த தங்கள் பெல்பர் வடக்கு மில்லை மறு ஆண்டில் முழு இரும்புச் சட்டகத்தோடு எழுப்பியது. அங்கிருந்து 1885இல் சிக்காகோவில் பத்து மாடியாக எழுந்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடம் வரை ஒரு கோடு இழுக்கலாம். ஆனால் அந்தக் கோடு நேரானதல்ல. இடையில் மலிவான எஃகு வரவேண்டியிருந்தது, மின்தூக்கி வரவேண்டியிருந்தது, வெளிச்சுவரைச் சுமையிலிருந்து விடுவிக்கும் துணிவும் வரவேண்டியிருந்தது. 65 மாடிகளோடு எழுந்த நம் கொம்தார் கான்கிரீட் காலத்துப் பிள்ளை. அதற்கும் ஷ்ரூஸ்பரி மில்லுக்கும் உறவு உண்டென்றாலும் அது பல தலைமுறை கடந்த உறவு.

மீட்புப் பணி எப்படி நடந்தது?

மெதுவாக நடந்தது. 1987இல் மூடிய பிறகு தனியார் முயற்சிகள் கைகூடாமல் போயின. கட்டடம் ஒழுகத் தொடங்கியது. 2005இல் இங்கிலாந்தின் அரசு சார்ந்த பாரம்பரிய அமைப்பு அதை வாங்கியது. லாட்டரி வருவாயிலிருந்து பாரம்பரியப் பணிகளுக்கு நிதி தரும் அமைப்பும் துணைநின்றது. முதன்மை மில்லும் சூளையும் சுமார் 28 மில்லியன் பவுண்டு செலவில் சீரமைக்கப்பட்டு, 2022 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. 1987இலிருந்து எண்ணினால் முப்பத்தைந்து ஆண்டுகள்.

பணியின்போது எதிர்கொண்ட பெரிய சிக்கல் இரும்பில் இல்லை; மரத்தில் இருந்தது. உள்ளிருந்து மரத்தை விரட்டிய அதே கட்டடத்தின் வெளிச்சுவர்களுக்குள், செங்கல் வரிசைகளைப் பிணைப்பதற்காக அன்றைய வழக்கப்படி மரச்சட்டங்களை வைத்துக் கட்டியிருந்தார்கள். ஈரம் ஏறி அவை உளுத்துப்போனதால் சுவர் உள்ளுக்குள் பொள்ளலாகியிருந்தது. அந்தச் சட்டங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றி, அந்த இடத்தைச் செங்கல்லால் நிரப்ப வேண்டியிருந்தது. அடைபட்ட சன்னல்கள் பலவற்றைத் திறந்து மில் காலத்து வெளிச்சத்தை மீட்டார்கள். ஆனால் மால்ட் காலத்துச் சூளையை இடிக்காமல், அதையே பார்வையாளர்கள் நுழையும் வாயிலாக்கினார்கள். கட்டடத்தின் வாழ்வில் ஒரு காலத்தை மட்டும் உண்மையானது என்று வைத்துக்கொண்டு மற்றதைத் துடைத்தெறியாமல் இருந்தது, என் கருத்தில், அந்தப் பணியின் மிகச் சிறந்த முடிவு. இன்று தரைத்தளத்தில் கண்காட்சி இருக்கிறது. மேல்தளங்கள் அலுவலகங்களுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன.

இதையெல்லாம் பினாங்கில் இருக்கும் நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

வெளியிலிருந்து பார்த்தால் ஷ்ரூஸ்பரி மில் ஒரு சாதாரணச் செங்கல் கட்டடம். முகப்பை மட்டும் காப்பது என்ற கொள்கை அங்கே இருந்திருந்தால், உலகின் முதல் இரும்பு உள்ளமைப்பைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டு, சுவரை மட்டும் வெள்ளையடித்து வைத்திருப்பார்கள். அந்தக் கட்டடத்தின் பெருமை முழுவதும் தெருவிலிருந்து தெரியாத எலும்புக்கூட்டில் இருக்கிறது.

2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன், மலாக்காவோடு சேர்ந்து, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது முதல் நம் தெருக்களின் முகப்புகள் பொலிவு பெற்றுவிட்டன. அதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் பல கடைவீடுகளில் காக்கி லிமா எனப்படும் முன்புற மூடிய நடைபாதையைத் தாண்டி உள்ளே போனால், பொதுச்சுவரிலிருந்து பொதுச்சுவருக்கு ஓடிய வன்மர உத்திரங்கள் போய்விட்டன. வானத்தைத் திறந்துவைத்திருந்த முற்றத்தை மூடிக் குளிர்சாதன அறையாக்கிவிட்டார்கள். சுண்ணாம்புக் காரை இருந்த இடத்தில் சிமெண்டுப் பூச்சு. சுண்ணாம்புக் காரை சுவரின் ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவிடும். பூச்சு உப்பி உதிர்வதோடு நில்லாமல் பழைய செங்கல்லும் பொடியத் தொடங்கும். முற்றம் என்பது வெறும் அழகுக்காக விட்ட வெற்றிடம் அன்று. நீண்டு குறுகிய வீட்டுக்குள் காற்றையும் ஒளியையும் இழுக்கும் உறுப்பு. இவையெல்லாம் இந்தக் கட்டடங்களின் பொறியியல். இவற்றை எடுத்துவிட்டால் எஞ்சுவது தெருவுக்குக் காட்டும் முகம் மட்டுமே.

பயன்பாடு பற்றியும் ஷ்ரூஸ்பரியிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகளைப் பல ஆண்டுகள் தன்னையறியாமல் காத்தது. வாடகை மலிவாக இருந்ததால் மளிகைக்கடையும் பூக்கடையும் தையல்காரரும் பத்தரும் நகருக்குள்ளேயே வாழ முடிந்தது, இடித்துக் கட்டுவதில் சொந்தக்காரர்களுக்கும் ஆதாயம் இருக்கவில்லை. 1966ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000 தொடக்கத்திலிருந்து வாடகை கட்டுப்பாடின்றி உயர்ந்தபோது, லிட்டில் இந்தியாவைச் சுற்றியிருந்த நம் குடும்பங்கள் பல வெளியேறின. ஆள் வெளியேறிய வீட்டில் கூரை ஓடு ஒன்று நழுவினால் கவனிக்க யாரும் இருப்பதில்லை. 1947இல் கட்டிய ஹின் பேருந்துப் பணிமனை 2014இல் கலைவெளியாக மாறியதும், கரையோரக் கிடங்குகள் சில உணவகங்களானதும் நல்லவையே. எனினும், பழைய கட்டடத்துக்குப் புதுத் தொழில் தேடும்போது, அதன் உள்ளமைப்பைச் சிதைக்காமல் எந்தத் தொழில் பொருந்தும் என்ற கேள்வியே முதலில் வரவேண்டும். மில் மால்ட் கூடமானபோது பொருந்தியது அப்படித்தான்.

தமிழ்நாட்டு மில்களுக்கும் இந்தக் கட்டடமுறைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் மறைமுகமாக. சென்னை பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம் மில் 1876இலும் கர்நாடிக் மில் 1881இலும், பாபநாசத்தில் ஹார்வி மில் 1885இலும், கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் மில் 1888இலும் தொடங்கியபோது, இரும்புத் தூணும் உத்திரமும் ஆலைக் கட்டடத்தின் வழக்கமான உறுப்புகளாகிவிட்டிருந்தன. 1908இல் வ.உ.சிதம்பரனார் தொழிலாளர்களைத் திரட்டிய தூத்துக்குடி கோரல் மில்லும் அந்தப் பரம்பரையைச் சேர்ந்ததே. பினாங்கில் உள்ள பலரின் தாத்தாக்கள் அந்த ஊர்களிலிருந்து கப்பலேறியவர்கள் என்பதால், ஊருக்குப் போகும்போது எஞ்சியிருக்கும் மில் கட்டடங்களை ஒரு நடை பார்த்துவிட்டு வருவது நல்லது. அவற்றுள் பல இடிந்துகொண்டிருக்கின்றன.

இரும்புத் தூண் கட்டடத்தைப் பினாங்கிலேயே பார்க்க முடியுமா?

சர்ச் ஸ்திரீட்டில் கப்பித்தான் சுங் கெங் குவீ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய பசுமை நிற மாளிகையில், இன்று பெரானாக்கான் மாளிகை என்று அழைக்கப்படும் இடத்தில், ஸ்காட்லாந்திலிருந்து வந்த வார்ப்பிரும்பு வேலைப்பாட்டைப் பார்க்கலாம். அங்கே அது அலங்காரத்தையும் தன் கடமையாகக் கொண்டது. முற்றத்தில் நின்று தூணின் மெலிவைக் கவனித்துப் பாருங்கள். மரத்திலோ செங்கல்லிலோ அதே சுமைக்கு எவ்வளவு பருமன் வேண்டியிருந்திருக்கும் என்று கணக்கிட்டால், மில் முதலாளிகள் இரும்பை விரும்பியதற்கு இன்னொரு காரணமும் விளங்கும். தூண் மெலிந்தால் இயந்திரத்துக்கு இடம் கூடும்.

ஷ்ரூஸ்பரிக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

பர்மிங்ஹாமிலிருந்து ஷ்ரூஸ்பரிக்கு நேரடி ரயில் உண்டு. பயணம் சுமார் ஒரு மணி நேரம். ரயில் நிலையத்திலிருந்து மில்லுக்கு நடந்தே போகலாம். வெளியே நிற்கும்போது சன்னல்களின் அளவுகளைப் பாருங்கள். சுவரில் எது மில் காலத்தது, எது மால்ட் காலத்தது என்பதைச் செங்கல் அடைப்பின் விளிம்புகள் காட்டிக்கொடுக்கும். உள்ளே தூணின் நடுப்பருமனையும், உத்திர விளிம்பில் செங்கல் வளைவு தொடங்கும் இடத்தையும், வளைவுகளுக்கு இடையே ஓடும் பிணைப்புக் கம்பிகளையும் தேடிப் பாருங்கள். திறந்திருக்கும் நாட்கள் பருவத்துக்கேற்ப மாறும் என்பதால் முன்கூட்டி விசாரித்துவிட்டுப் போவது நல்லது.